பாய் கடை: என் ஹெரால்டுக்கு மறுபடி செல்ஃப் வந்தது

சென்னையில் பழைய காருக்கு வயரிங் பார்க்க ஆள் தேடுகிறீர்கள் என்றால் புதுப்பேட்டையில் இந்தக் கடைக்குப் போங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விவரமாகச் சொல்கிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கூவம் பக்கம் போகும் சந்து ஒன்றில், கழற்றிப் போட்ட கதவுகளுக்கும் இன்ஜின்களுக்கும் நடுவே பத்துக்குப் பத்தில் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். கடைக்காரர் தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எல்லோரும் கூப்பிடுவதுபோல் பாய் என்றே எழுதுகிறேன். சந்தில் போய் பழைய லூகாஸ் வயரிங் பார்க்கிற பாய் எங்கே என்று கேட்டால் காட்டிவிடுவார்கள் (லூகாஸ் என்பது பழைய கார்களின் எலக்ட்ரிக் சாமான் செய்த கம்பெனி).

என்னுடையது 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. 1961 முதல் நம்ம ஊரில் செய்த வண்டி, வண்டலூரில் தொழிற்சாலை இருந்தது. 948 சிசி இன்ஜின். பானட் முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், அப்படி ஒரு வசதியை இன்றைய வண்டிகளில் பார்ப்பது அபூர்வம். இரண்டு மாதமாக இதில் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், பிரச்சினை கொடுத்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் சில நாள் உடனே பிடிக்கும், சில நாள் டக் என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. இன்னும் சில நாள் சோர்ந்துபோய் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும், அப்புறம் தெருவில் யாரையாவது கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதுசு 5,600 ரூபாய். இரண்டு நாளில் மறுபடி அதே டக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள், 3,200. அப்புறம் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜ் தருவது) 1,400, லேபர் 1,500. மொத்தம் 11,700 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்த மூன்றாம் நாள், மாமனார் வீட்டு வாசலில் வண்டி மறுபடி நின்றது. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்கூட வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதற்கு வாடிக்கையாளர் பணம்தான் கிடைத்ததா?

பாயிடம் வண்டியைக் கொண்டுபோனபோது அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது, என்று பார்த்தார், ஏனென்றால் பழைய லூகாஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தார். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். டக் என்றது, மோட்டார் சுற்றவில்லை, ஆனால் லைட் அவ்வளவாக மங்கவும் இல்லை. இதை அவர் விளக்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பேட்டரி வீக் என்றாலோ, செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டாலோ, லைட் செத்துப்போகும். லைட் அப்படியே இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குள் போய்த் திரும்பி வர வழி இல்லை. ஒன்று போகும் வழியில் தடை, இல்லை திரும்பும் வழியில் தடை. இவ்வளவையும் ஒரு பைசா செலவில்லாமல், ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டார்.

அடுத்து சாலினாய்டு, அதாவது சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டை விடும் ஸ்விட்ச். ஹெரால்டில் இது பானட்டுக்குள் பின்சுவரில் தனியாக உட்கார்ந்திருக்கும், அதன் மேல் ரப்பர் மூடி போட்ட ஒரு பட்டன் உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். சாவி இல்லாமலே செல்ஃப் அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. அப்படியென்றால் சாவி ஸ்விட்சும் அதிலிருந்து சாலினாய்டுக்கு வரும் வெள்ளை-சிவப்பு வயரும் குற்றவாளி இல்லை. சாலினாய்டின் மறுமுனையில் மீட்டர் வைத்தார், 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது, ஆக சாலினாய்டும் சரி.

அப்போதுதான் என்னைக் கேட்டார், "செல்ஃப் அடிக்கிறப்ப சோக் கேபிள் சூடாவுதா பாருங்க தம்பி." குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ண டேஷ்போர்டிலிருந்து இழுக்கும் சோக்கின் கம்பி அது, இன்ஜின் வரை போகும். நான் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு கேபிளைப் பிடித்துக்கொண்டேன், அவர் பட்டனை நாலைந்து தடவை அழுத்தினார். டீ கிளாஸ் மாதிரி சூடு. கையை எடுத்துவிட்டேன். வீட்டில் சில நாள் லேசாக ரப்பர் கருகும் வாசனை வந்தது ஏன் என்று அந்த நொடியில் புரிந்தது.

விஷயம் இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு, அதுதான் எர்த். அது போய்விட்டால் செல்ஃப் மோட்டாரின் அத்தனை கரண்ட்டும் திரும்பிவர வேறு வழி தேடும், கிடைப்பது சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் இணைப்பும்தான். மெல்லிய கம்பி, சூடாகாமல் என்ன செய்யும்? மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். 10.4 வோல்ட் காட்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே கோளாறு. பேட்டரி கொடுப்பதில் முக்கால்வாசிக்கு மேல் மோட்டாருக்குப் போகாமல் எர்த்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்ததால் பார்க்க நன்றாகவே இருந்தது. வளைத்ததும் லக் (போல்ட் போடும் முனை) பக்கம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, உள்ளே ஏழெட்டு இழைதான் மிச்சம். புதுப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மறுபடி மீட்டர்: 0.2 வோல்ட். சாவியைத் திருப்பினேன், இந்த வண்டி இவ்வளவு வேகமாகச் சுற்றும் என்றே எனக்குத் தெரியாது.

இதோடு முடியவில்லை. அண்ணா சாலையில் சிக்னலில் நின்று கிளம்பும்போது, அதுவும் வெயிலில், இன்ஜின் திடீரென்று இருமி அணைந்துவிடும், கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகும். காயில் சூடு என்று சொல்லித்தான் பழைய ஒர்க்‌ஷாப்பில் காயிலை மாற்றினார்கள். பாய் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) மூடியைத் திறந்து, உள்ளே காயில் கரண்ட்டை விட்டுவிட்டு எர்த்தோடு இணைக்கும் சின்ன ஸ்விட்சான பாயிண்ட் மூடியிருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்தி, பாயிண்ட்டுக்குப் போகும் காயிலின் சிபி முனையிலிருந்து எர்த்துக்கு டெஸ்ட் பல்பை மாட்டி சாவியைப் போட்டார். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியக்கூடாது, எரியவில்லை. பிறகு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை லேசாக நகர்த்தினார், இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சல்) இழுக்கும்போது அது நகர்வதுபோல். பல்பு பளிச்சென்று எரிந்தது. உள்ளே இருக்கும் சின்ன வயரை மூக்குக் குறடால் பிடித்து இழுத்துக் காட்டினார், ரப்பர் பாண்டு மாதிரி நீண்டது. மேல் உறை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே செம்பு அறுந்துபோய்விட்டது. தட்டு நகர்ந்தால் தொடர்பு போகும், திரும்பி வந்தால் தொடர்பு வரும். ஸ்பேர் கடைகளில் இந்த வயர் தனியாகக் கிடைப்பது கஷ்டம், ஒரு பழைய மீட்டரின் டெஸ்ட் வயரை வெட்டி, அதில் இழை ரொம்ப மெல்லிசாக வளைந்துகொடுக்கும் என்பதால், அதையே முனை சால்டர் செய்து போட்டார். பாயிண்ட் கேப் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தார். பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை அளந்து பார்த்து, 0.2 மைக்ரோஃபாரட் இருக்கிறது, பழசே இருக்கட்டும் என்று அதையே திரும்பப் போட்டார், புதுசு விற்றுக் காசு பார்க்கவில்லை.

மொத்தம் 1,900 ரூபாய் வாங்கினார், பட்டையோடு சேர்த்து. ஆறு வாரமாக ஒரு நாள்கூட செல்ஃப் தவறவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் வெந்துபோயிருந்தது, அதை மாற்றும்போது கையில் இருந்த மஞ்சள் வயரைப் போட்டுவிட்டார். லூகாஸ் வயரிங்கில் நிறம்தான் வரைபடம். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட், வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு வருவது, கறுப்பு என்றால் எர்த். பத்து வருஷம் கழித்து வேறொருவர் இந்த வண்டியைத் திறக்கும்போது அந்த மஞ்சளைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது. சொன்னதும் கோபப்படவில்லை, "வெள்ளை வாங்கிட்டு வாங்க தம்பி, மாத்திக் குடுக்கிறேன்" என்றார், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிக் கொடுத்தேன், காசு வாங்காமல் மாற்றினார். இணைப்புகளை இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் விடுகிறார், இன்ஜின் சூட்டில் அது பிசுபிசுத்துக் கழன்றுவிடும், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், போட்டுத் தருவார்.

வீட்டுக்கு வர மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். போனை எடுப்பது அபூர்வம். சந்து குறுகல், அம்பாசடர் என்றால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும், அதனால் காலை ஒன்பதரைக்குள் போய்விடுவது நல்லது. கோளாறு எப்போது வருகிறது, குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, டக் சத்தம் வருகிறதா இல்லையா, இதையெல்லாம் கவனித்துவைத்துக்கொண்டு போங்கள், முதல் பத்து நிமிஷம் அவர் கேள்வி மட்டும்தான் கேட்பார்.