செத்த நாயின் உடலை ஐஸில் வைப்பதா, டீப் பிரீசரில் வைப்பதா?

அடித்தோ, சுட்டோ, நஞ்சு வைத்தோ நாயை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று சந்தேகம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. மிருக வைத்தியர் வெட்டிப் பார்க்கும்வரை, மட்டக்களப்பு வெயிலில் உடலை எப்படிக் காப்பது?

செலவு
ஐஸ்: மீன்காரர் பாவிக்கும் றெஜிபோம் பெட்டி போதும். உருக உருக மாற்ற வேண்டும்.
பிரீசர்: சாப்பாடு வைக்கும் பிரீசர் வேண்டவே வேண்டாம். வேறு பிரீசருக்கு எங்கே போவது?

தாங்கும் காலம்
ஐஸ்: ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.
பிரீசர்: வாரக்கணக்கில்.

தடயம்
ஐஸ்: தோலை உரித்தால் உள்ளே கன்றிய இடங்கள் தெளிவாகத் தெரியும். மயிருக்கு மேலே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதனால் படம் மட்டும் எடுத்துவிட்டுப் புதைப்பது வீண். நகங்கள் தேய்ந்து பிளந்து, மயிரில் கிரீஸ் ஒட்டியிருந்தால் வாகனம் மோதியிருக்கலாம். யாரோ அடித்துச் செத்திருந்தால் அது பெரும்பாலும் இருக்காது. ஆகவே குளிப்பாட்டாதீர்கள். உடலைப் பொலித்தீனில் நன்றாகச் சுற்றுங்கள், ஐஸ் தண்ணீர் பட்டால் இதெல்லாம் கழுவுப்பட்டுவிடும்.
பிரீசர்: உறையும்போது கலங்கள் வெடிக்கும். நுணுக்குக்காட்டியில் பார்க்க இழையம் சரிவராது. உருகும்போது இரத்தநீர் கசிந்து, கன்றலையும் குழப்பும். ஆனால் வயிற்றிலுள்ள நஞ்சைத் தேட இது நல்லது. துப்பாக்கிச் சன்னம் உடலுக்குள் இருந்தால், உறைந்திருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியும்.

நாளைக்குள் பரிசோதனை நடக்குமென்றால் ஐஸ்தான். பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்ப நாட்கள் இழுபடும் என்றாலோ, நஞ்சு மட்டும்தான் சந்தேகம் என்றாலோ பிரீசர். எதுவானாலும் கையுறை போடுங்கள். விசர்நோய் பயம் இருக்கிறது.