சின்சில்லாவுக்கான ஓட்டச் சக்கரம்: சென்னை வீட்டுக்கு எது ஏற்றது?

சென்னையில் உள்ள வளர்ப்புப் பிராணிக் கடைகளில் ஓட்டச் சக்கரம் கேட்டால், எடுத்துக் காட்டப்படுபவை பெரும்பாலும் எலி போன்ற சிறு பிராணியான ஹாம்ஸ்டருக்காகச் செய்யப்பட்ட, ஒரு சாண் விட்டம்கூட இல்லாத வண்ணப் பிளாஸ்டிக் சக்கரங்களாகவே இருக்கின்றன. அடர்ந்த ரோமமுள்ள தென் அமெரிக்கக் கொறிவிலங்கான சின்சில்லாவை வளர்ப்பவர்கள் இங்கே மிகக் குறைவு என்பதால் கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை வாங்கிக் கூண்டில் மாட்டினால் அவதிப்படப்போவது வாயில்லாத ஓர் உயிர். எங்கள் வீட்டுக் கூண்டில் இப்போது இருப்பது 15 அங்குல விட்டமுள்ள, முன்பக்கம் முழுவதும் திறந்த, முதுகுப் பக்கத்தில் பேரிங் பொருத்திய அலுமினியச் சக்கரம். இந்த ஊரின் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் இந்த அமைப்பே ஏற்றது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், அதில் கவனிக்க வேண்டிய குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது விட்டம். சின்சில்லா ஆண்டீஸ் மலையின் பாறைச் சரிவுகளில் தாவித் திரிந்த இனம். வளர்ந்த பிராணி வாலை விட்டுவிட்டே 25 செ.மீ.க்கு மேல் நீளமும், 400 முதல் 800 கிராம் வரை எடையும் கொண்டிருக்கும். பெண் ஆணைவிடச் சற்றுப் பெரியது. சிறிய சக்கரத்தில் ஓடும்போது அதன் முதுகெலும்பு மேல்நோக்கி வளைந்து, தலை அண்ணாந்த நிலையில் நிற்கும். ஓரிரு நிமிடம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடும் பிராணி அந்த வளைவிலேயே வளர்ந்தால் முதுகு கெடும். ஆகவே 15 அங்குலம், அதாவது 38 செ.மீ., என்பதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். ஓடும் பரப்பு 5 அங்குல அகலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. “குட்டியாத்தானே இருக்கு, இதுவே தாராளமா போதும் சார்” என்று கடையில் சொல்வார்கள். குட்டி சில மாதங்களில் வளர்ந்துவிடும், சக்கரம் வளராது. வாங்கிய பின் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஓடும்போது முதுகு ஏறக்குறைய நேர்கோட்டில் இருந்தால் அளவு சரி.

அடுத்தது ஓடும் தளம். அது இடைவெளியே இல்லாத தகடாக இருக்க வேண்டும். கம்பி வைத்த சக்கரத்திலும் வலை அடித்த சக்கரத்திலும் விரலோ காலோ சிக்கிக்கொள்ளும். சின்சில்லாவின் பின்னங்கால் எலும்பு மெல்லியது. ஓட்ட வேகத்தில் சிக்கினால் முறியும். முறியாவிட்டாலும், நாள்தோறும் கம்பியின்மேல் ஓடுவதால் பாதத்தின் அடியில் புண் உண்டாகிறது, அது ஆறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். நடுவில் குறுக்கே செல்லும் அச்சும், முன்பக்கம் ஆரக்கால் போலப் பிரியும் தாங்கிகளும் இதே அளவு ஆபத்தானவை, ஏனென்றால் சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவே கழுத்து மாட்டிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. முன்பக்கம் எதுவுமே இல்லாமல், முதுகுப் பக்கம் மட்டும் தாங்கப்படும் சக்கரத்தை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பொருள் எது என்பதில்தான் சென்னைக்கென்று தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சின்சில்லாவின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதிரில் இருப்பது எதுவானாலும் கடித்துப் பார்க்காமல் அது விடாது. பிளாஸ்டிக் சில்லுகளை விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். வாந்தியெடுத்து வெளியே தள்ளவும் அதன் உடலுக்கு இயலாது. மரச் சக்கரம் கடிப்பதற்குப் பாதுகாப்பானது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் அதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் ஒட்டுப்பலகை உப்பிப் பிரிகிறது. சிறுநீரை உறிஞ்சிக்கொண்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கிறது. வறண்ட மலைக்காற்றுக்குப் பழகிய, அடர்ந்த ரோமம் கொண்ட பிராணிக்கு இது கூடவே கூடாது. வர்ணம் பூசிய இரும்புச் சக்கரம் பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், கடித்த இடத்தில் வர்ணம் பெயர்ந்து, ஒரு மழைக்காலம் கடப்பதற்குள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. கடித்தாலும் பெயர்ந்து வர அதில் பூச்சு எதுவும் இல்லை. ஏசி அறையில் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கிறது. சிறுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து வெண்திட்டாகப் படிவதுதான் தொந்தரவு. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டினால் அது போய்விடும். அமெரிக்க வளர்ப்பாளர்களிடையே பெயர் பெற்ற ‘சின் ஸ்பின்’ என்பது இவ்வகை 15 அங்குல அலுமினியச் சக்கரம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சக்கரத்தின் விலையோடு கப்பல் செலவும் சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்குவதானால், விளிம்பை உள்ளே மடித்துச் சுருட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய தகட்டின் ஓரம் கத்தியாகவே இருக்கும். எங்கள் சக்கரத்தில் எனக்குள்ள மனக்குறையும் விளிம்பைப் பற்றியதே: ஓரிடத்தில் மடிப்பு சற்றுப் பிசிறாக வந்திருந்ததால், உப்புத்தாள் கொண்டு தேய்த்த பிறகே பயன்படுத்த முடிந்தது.

சின்சில்லா அந்தியிலும் இரவிலும் விழித்திருக்கும் பிராணி என்பதால், சக்கரத்தின் ஓசை வீட்டார் தூக்கத்தையும் கீழ்வீட்டார் பொறுமையையும் சார்ந்த விஷயம். பேரிங் இல்லாமல் வெறும் கம்பியில் சுழலும் சக்கரம் நாளடைவில் கிறீச்சிடும். இருபுறமும் மூடிய பேரிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கேட்டிங் சக்கரங்களில் வரும் 608 என்ற எண்ணுள்ள பேரிங் பொருத்தியிருந்தால் இன்னும் வசதி. தேய்ந்துபோனால் பேரிங் விற்கும் கடைகளில் மாற்று கிடைக்கும், சக்கரத்தையே தூக்கிப் போட வேண்டியதில்லை. எண்ணெய் விடாதீர்கள். அது வழிந்து ரோமத்தில் பட்டால் பிராணி நக்கிவிடும். பெரும்பாலும் அதிர்வது சக்கரத்தைவிடக் கூண்டின் கம்பிச் சுவர்தான். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே வர்ணம் பூசாத ஒரு மரப்பலகையைக் கொடுத்து முடுக்கியதும் எங்கள் வீட்டில் சத்தம் வெகுவாகக் குறைந்தது.

சாய்ந்த தட்டு வடிவில் வரும் சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறிய தட்டில் உடல் பக்கவாட்டில் வளைந்தே ஓட வேண்டியிருக்கிறது. 12 அங்குலத் தட்டு வளர்ந்த சின்சில்லாவுக்குப் போதாது. பிராணியை உள்ளே அடைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் பந்தை எந்த விலையிலும் வாங்க வேண்டாம். காற்றோட்டமில்லாத அந்தப் பந்துக்குள் உடல் சூடு ஏறினால் வெளியேற வழியே இல்லை.

சூடு என்ற இந்த ஒன்றைச் சென்னையில் வளர்ப்பவர்கள் சக்கரத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒரே மயிர்க்காலிலிருந்து 60க்கு மேற்பட்ட மெல்லிய மயிர்கள் முளைக்கும் அடர்த்தி கொண்டது சின்சில்லாவின் ரோமப் போர்வை. வியர்த்துக் குளிரும் வழியும் அதற்கு இல்லை. அறையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும், ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் அதற்கும் முன்பே. மின்விசிறிக் காற்று நமக்கு வியர்வையை உலர்த்திக் குளிர்ச்சி தருகிறது. சின்சில்லாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கத்திரி வெயில் நாளில் மின்சாரம் நின்று, சாதாரண இன்வெர்ட்டரால் ஏசியை இயக்க முடியாமல், அறை சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிராணி சக்கரத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கையால் திருகியே கழற்றக்கூடிய நட்டு வைத்த சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இராது. மின்சாரம் நின்றதும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, படுத்துக்கொள்ள ஒரு கடப்பா கல் துண்டை உள்ளே வையுங்கள். காது சிவந்து சூடாக இருப்பது, வாய் ஒழுகுவது, ஒருக்களித்துச் சோர்ந்து கிடப்பது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

வளரும் பருவத்துக் குட்டிகளுக்கும், சினையாக உள்ள பெண்ணுக்கும் சக்கரம் வேண்டாம். ஒரே கூண்டில் இரண்டு இருந்தால், ஒன்று ஓடும்போது மற்றது குதித்து ஏறித் தூக்கியெறியப்படுவதுண்டு. தொடக்கத்தில் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வந்துவிட்டதால் தாவி ஏறும் மரத்தட்டுகளைக் கழற்றிவிடக் கூடாது. ஓட்டமும் தாவலும் வெவ்வேறு தேவைகள், எங்கள் வீட்டுச் சின்சில்லா சக்கரத்தில் செலவிடும் நேரத்துக்குச் சமமாகத் தட்டுகளிலும் செலவிடுகிறது.

பணம் கொடுப்பதற்கு முன் கூண்டின் கதவை அளந்துவிடுங்கள். 38 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் பல கூண்டுகளின் கதவு வழியாக நுழையாது. பெரிய முன்கதவு உள்ள கூண்டோ, ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மாட்டக்கூடிய கூண்டோ இருந்தால்தான் அதைப் பொருத்தவும், மின்சாரம் நிற்கும்போது விரைவாக வெளியே எடுக்கவும் முடியும்.