பழைய பள்ளி மைதானங்களில் காரெட் ஏடி புரோ: சில வருட அனுபவம்

ஒஹாயோ பக்கம் குடிவந்த பிறகு வாங்கிய மெட்டல் டிடெக்டர் இது, காரெட் ஏடி புரோ. ஆறேழு வருடமாக இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதிலும் பெரும்பாலும் மூடிப்போன பழைய பள்ளிக்கூட மைதானங்களில். அதனால் இங்கே நான் சொல்வதெல்லாம் அந்த மாதிரி மண்ணுக்குத்தான் பொருந்தும், கடற்கரையில் தேடுகிறவர்களின் கணக்கே வேறு.

ஏன் பள்ளி மைதானம்? அமெரிக்காவில் 1940 வாக்கில் 1,17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) இருந்தன, 1970-71இல் அது ஏறத்தாழ 18,000 ஆகிவிட்டது. கிராமத்துச் சின்னப் பள்ளிகளை மூடி, பஸ் விட்டு, பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். கட்டடம் இப்போது யாருடைய வீடாகவோ டவுன்ஷிப் அலுவலகமாகவோ இருக்கும், இல்லையென்றால் இடித்தே தள்ளியிருப்பார்கள், ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடிய புல்தரை பல இடங்களில் அப்படியேதான் கிடக்கிறது. இன்னொரு விஷயம், டைம் (10 சென்ட் காசு), க்வார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றுமே 1964 வரை 90 சதவீத வெள்ளியில் அடித்தவை. அதற்கு முன்னால் மூடிய பள்ளியில் ஒரு பிள்ளையின் பையிலிருந்து விழுந்த டைம் என்றால் அது வெள்ளிதான், சந்தேகமே வேண்டாம். ஊஞ்சல் இருந்த இடம், தலைகீழாகத் தொங்குகிற கம்பிகளுக்குக் கீழே, பெரிய மரத்து நிழல், பேஸ்பால் மைதானத்தின் வலைக்குப் பின்புறம், இந்த நான்கையும் முதலில் பாருங்கள். பழைய வகுப்புப் புகைப்படம் ஒன்று கிடைத்தால் ஊஞ்சல் எங்கே இருந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும், நகர நூலகங்களில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. தனியார் கைக்குப் போன இடம் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், இன்னும் பள்ளி மாவட்டத்தின் கையில் இருந்தால் அவர்கள் அலுவலகத்தில் எழுத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. கிடைக்கிற நகையை உரியவரிடம் சேர்க்க முயற்சி செய்வேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன், அதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறி ஆர்வம் வந்துவிடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். 15 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றை அலைவரிசை டிடெக்டர், நான்கு ஏஏ பேட்டரி, எடை 1.4 கிலோ அளவு. அரை நாள் ஆட்டினாலும் என் தோளுக்குத் தாங்குகிறது. மண்ணுக்குள் இருப்பது எந்த மாதிரி உலோகம் என்று ஊகிக்கத் திரையில் 0 முதல் 99 வரை எண் காட்டும். நிக்கல் (5 சென்ட் காசு) 50-களின் ஆரம்பத்தில் வரும், துத்தநாக பென்னி (1 சென்ட்) 70-களில், செம்பு பென்னியும் டைமும் 80-ஐ ஒட்டி, க்வார்ட்டர் அதற்கும் மேலே. ஈர மண்ணில், ஆழத்தில் இந்த எண்கள் நாலைந்து நகரும். நான் எண்ணை விட ஒலியைத்தான் நம்புகிறேன். மெஷினில் இருக்கும் புரோ மோட் என்ற அமைப்பில் காசு ஆழத்தில் இருந்தால் ஒலி மெலிந்து வரும், மேலே கிடந்தால் கத்தும். பழைய காசு பெரும்பாலும் அந்த மெலிந்த, உருண்டையான ஒலியில்தான் இருக்கிறது, ஏனென்றால் மண்புழுக்கள் மண்ணை மேலே மேலே தள்ளத் தள்ளக் காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்விடும். எங்கள் பக்கத்து மண்ணில் 1940-களின் காசு நான்கிலிருந்து ஆறு அங்குலத்தில் கிடைக்கிறது.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். 81, இந்தப் பக்கம் ஆட்டினாலும் அந்தப் பக்கம் ஆட்டினாலும் எண் அசையவில்லை. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடி போலத் திருப்பினேன். பின்பாயிண்டர் (குழிக்குள் விட்டு உலோகம் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் கைக்கருவி) குழியின் பக்கச் சுவரில் அதிர்ந்தது, அங்கே கறுப்பு மண்ணில் மெல்லிய வெள்ளை விளிம்பு. மெர்குரி டைம் என்கிற பழைய வகை வெள்ளி டைம், 1941. வெள்ளி மண்ணில் எத்தனை காலம் கிடந்தாலும் பளிச்சென்றுதான் வருகிறது. நிக்கல் சிவந்துபோய் வரும். 1982-க்குப் பிறகு வந்த துத்தநாக பென்னி என்றால் ஓரமெல்லாம் அரித்துப் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

இப்போது நகை. ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, சின்னத் தங்க மோதிரத்துக்கும் சோடா கேன் இழுப்பு வளையத்துக்கும் எந்த டிடெக்டர் திரையிலும் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. கடத்துதிறனும் அளவும் ஒன்றோடொன்று மேலே விழுவதால் இயற்பியலே அப்படி, எவ்வளவு விலை கொடுத்தாலும் மாறாது. பள்ளி மைதானத்தில் இதோடு இன்னொரு தொல்லை, பென்சில் ரப்பரைப் பிடித்திருக்கும் அலுமினியக் குழல். ரப்பரும் மரமும் மக்கிப் போய் அது மட்டும் மண்ணில் நிற்கும், நிக்கல் மாதிரியே பாடும். டிஸ்கிரிமினேஷன் (வேண்டாத எண்களுக்கு ஒலி வராமல் தடுக்கும் வசதி) வைத்து அந்த எண்களை மூடிவிட்டால் வேலை சுலபம்தான், ஆனால் தங்கமும் அதோடு போய்விடும். 1942 முதல் 1945 வரை 35 சதவீத வெள்ளி கலந்து அடித்த நிக்கலும் போய்விடலாம். ஆகவே 40-லிருந்து 65 வரை எது வந்தாலும் தோண்டுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. சலிப்பாக இருக்கும். ஒரு பழைய பேஸ்பால் வலைக்குப் பின்னால் அந்த மாதிரி 'குப்பை' எண்ணில்தான் எனக்கு ஒரு பள்ளி மோதிரம் (பள்ளி முடிக்கிற மாணவர்கள் நினைவாக வாங்குவது) கிடைத்தது, 10 காரட், பக்கவாட்டில் 1968, உள்ளே மூன்று எழுத்து இனிஷியல். பள்ளி மாவட்ட அலுவலகத்தில் அந்த வருடப் பட்டியலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வந்து வாங்கிக்கொண்டு, விரலில் போகாததால் சங்கிலியில் கோத்துக்கொண்டார். எடுத்த வெள்ளிக் காசு எல்லாவற்றையும் விட எனக்கு அது பெரிது.

இடித்த கட்டடத்தின் பக்கம் போனால் ஆணி ஆணியாகக் கிடக்கும். அங்கே மெஷினோடு வந்த 8.5-க்கு 11 அங்குல காயிலை (தரையை ஒட்டி ஆட்டும் தட்டையான வளையம்) கழற்றிவிட்டுச் சின்ன காயில் மாட்டுங்கள், இரண்டு ஆணிக்கு நடுவில் இருக்கும் காசு தனியாகக் கேட்கும். அயன் ஆடியோவை (இரும்பையும் ஒலியில் கேட்க வைக்கும் வசதி) போட்டுக்கொண்டால் துருப்பிடித்த இரும்பு உயர்ந்த எண் காட்டி ஏமாற்றும்போது ஒலி உடைவதில் தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பட்ஜெட் குறைவென்றால் டிடெக்டரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, பின்பாயிண்டரையும் நல்ல கைமண்வெட்டியையும் மட்டும் விடாதீர்கள். மலிவாக வாங்கிய மண்வெட்டி ஒன்று முதல் கோடையிலேயே வளைந்துவிட்டது. பின்பாயிண்டர் இருந்தால் குழி சின்னதாகவே இருக்கும், புல்லை மூடி மிதித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அடுத்த வாரம் இடமே தெரியாது, அதே பள்ளியில் மறுபடி அனுமதி கேட்கவும் முடியும்.