அரிவாளா, வக்கீலா? தெருத் திரைக்கு ஒரு படம் தேடியபோது

சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து காய்க்கிற நேரத்தில்தான் எங்கள் பக்கம் பெண்களுக்குச் சாயந்திரத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மார்ச் 8-ம் அப்போதுதான் வருகிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மகளிர் குழுவில், இந்தத் தடவை கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் வேண்டாம், சமுதாயக்கூடத்தில் திரை கட்டிப் படம் போடலாம் என்று முடிவானது. தை மாதம் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. படமாவது அதைப் பேசட்டும் என்பதில் மட்டும் ஒருவருக்கும் மறுப்பில்லை.

எந்தப் படம் என்பதில்தான் சண்டை. என் தம்பி மகன் 'மகாராஜா' என்றான். குழுத்தலைவி அத்தாச்சி 'நேர்கொண்ட பார்வை' என்றார். அங்கன்வாடி டீச்சருக்கு 'சித்தா'. எனக்கு 'கார்கி'.

நான் இருபது வருஷமாகக் கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் செய்கிறவள். வாய்தா மனு, ஜாமீன் மனு, அப்பீலுக்குப் போகிற சாட்சியக் கட்டு எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. அதனால் எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கோ அவள் அம்மாவுக்கோ, நாளைக்கு நமக்கு இப்படி ஒரு பாலியல் கொடுமை நடந்தால் ஸ்டேஷன் படி ஏறலாம் என்று தோன்றுமா, வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று தோன்றுமா? நடிப்பு, வசூலெல்லாம் அப்புறம். (படங்களின் முடிவையெல்லாம் கீழே உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

எங்கள் அம்மா தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அவர்கள் பார்த்த படங்களில் கெட்டவன் கதவைத் தாழ்போடுவான், விளக்கு உருண்டு விழும், மறுநாள் அந்தப் பெண் ஆற்றிலோ கிணற்றிலோ கிடப்பாள். அண்ணன்காரன் அரிவாளைத் தீட்டுவான். அப்படி இல்லையென்றால் ஆலமரத்தடியில் பஞ்சாயத்து கூடி, கெடுத்தவனே தாலி கட்டட்டும் என்று தீர்ப்புச் சொல்லும். கல்யாணமோ சமரசமோ இந்தக் குற்றத்துக்குத் தீர்வே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் அடித்துச் சொன்னது. இன்னும்கூட "ரெண்டு பேருக்கும் கட்டி வச்சிடலாம்ல?" என்று யாராவது டீக்கடையில் கேட்கத்தான் செய்கிறார்கள். 'கற்பழிப்பு' என்ற சொல்லும் அந்தப் படங்களுக்கு வசதியாக இருந்தது. குற்றம் அவனுடையது, அழிந்தது அவளுடையது என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடலாம். நான் டைப்பிங் ஆரம்பித்த காலத்தில் மனுக்களிலும் அந்தச் சொல்தான் இருந்தது. இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று அடிக்கிறோம்.

நடுவில் 1984-ல் 'விதி' வந்தது. படம் பார்க்காதவர்களுக்குக்கூட அதன் வசனம் தெரியும், கேசட் அப்படி விற்றது. கல்யாணமோ காதுகுத்தோ, குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பாட்டுக்கு நடுவில் சுஜாதாவின் குறுக்கு விசாரணை ஓடும். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியவனை ஒரு பெண் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்பதை ஊர் முழுக்கக் கேட்க வைத்தது அந்தக் குழாய்தான். எனக்குத் தெரிந்து கோர்ட்டுக்குள் யாரும் சுஜாதா மாதிரி பேசியதில்லை. அது வேறு விஷயம்.

சரி, இந்தக் காலத்துப் படங்களுக்கு வருவோம்.

'மகாராஜா' 2024-ல் வந்தது. நித்திலன் சாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து, லட்சுமியைக் காணோம் என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. போலீஸ் சிரிக்கிறது, அடிக்கிறது, அப்புறம் அவர் தருவதாகச் சொல்கிற லட்சங்களுக்காகத் தேடக் கிளம்புகிறது. மகளைச் சிதைத்தவர்களில் ஒருவன் அந்த ஸ்டேஷனைச் சுற்றித்தான் இருக்கிறான், அவனைப் பிடிக்கத்தான் இந்தக் குப்பைத்தொட்டிப் புகார் என்பது பின்னால்தான் நமக்குத் தெரியும்.

தம்பி மகன் இதைத் திரைக்கதை வித்தை என்றான். எனக்கு அது வித்தையாகப் படவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மகளின் கொலுசு காணாமல் போய்விட்டது, ஸ்டேஷனில் கொடுக்க மனு அடித்துத் தர வேண்டும் என்றார். ஒற்றைக் கொலுசு. எத்தனை கிராம் வெள்ளி என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பதில் இல்லை. எங்கே தொலைந்தது என்றேன். மோட்டார் கொட்டகையில் என்றார். எப்போது என்றேன். அழ ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து அந்தத் தாளை உருவிப்போட்டுவிட்டு வேறு தாள் சொருகினேன். நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவருக்குக் கொலுசு வேண்டியிருக்கிறது, இன்னொருவருக்குக் குப்பைத்தொட்டி. படத்தின் முதல் ஒரு மணி நேரம் அந்த அளவுக்கு உண்மை.

ஆனால் முடிவு? ஸ்டேஷனே குற்றவாளியைக் கொண்டுவந்து அப்பன் கையில் ஒப்படைக்கிறது. தியேட்டரில் விசில். எஃப்.ஐ.ஆர். இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் இல்லை. அவர் வளர்த்த மகள் ஜோதி கடைசியில், அந்தக் கும்பலில் ஒருவனான செல்வத்தின் முன்னால் வந்து நின்று பேசுகிற காட்சியை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்வத்தை உடைப்பது அந்தப் பேச்சைவிட, அவள் தன் சொந்த மகள் என்ற செய்திதான். வேறு யார் வீட்டுப் பிள்ளையாகவோ இருந்திருந்தால் அவன் இடிந்துபோயிருப்பானா? இதைக் கேட்டதும் தம்பி மகன் கொஞ்ச நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அந்த மாதிரி ஒரு அப்பன் இல்லாத பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைக்கும் என்றும் கேட்டேன். அதற்கும் பதில் வரவில்லை.

அத்தாச்சி சொன்ன 'நேர்கொண்ட பார்வை' 2019-ல் எச்.வினோத் எடுத்தது. இந்தியில் 2016-ல் வந்த 'பிங்க்'தான் மூலம். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பதுதான், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்ற ஒரே விஷயத்துக்காக ஒரு முழுப்படம். அதை அஜித் வாயால் சொல்ல வைத்ததில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற வந்த பையன்களும் கேட்டார்கள். அந்தப் புண்ணியத்தை நான் மறுக்கமாட்டேன். இந்தியில் இல்லாத சண்டைக்காட்சியையும் செத்துப்போன மனைவியின் பிளாஷ்பேக்கையும் இங்கே சேர்த்துவிட்டார்கள். வக்கீல் கோர்ட்டுக்குள் ஜெயிப்பது போதாது, வெளியே நாலு பேரை அடித்தால்தான் நமக்குத் திருப்தி போல.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தப் படத்தில் கூண்டில் நிற்பது அந்தப் பெண்கள். தப்பு செய்தவன் அடிபட்ட தலையோடு முந்திக்கொள்ள, கொலைமுயற்சி வழக்கு அவர்கள் மேல் பாய்கிறது. ஊரில் இதை எதிர்கேஸ் என்போம். வரப்புத் தகராறிலிருந்து இந்தக் குற்றம்வரை, புகார் கொடுத்தவரை மடக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. "நீ வாபஸ் வாங்கு, நானும் வாங்குறேன்" என்று பேச்சு முடிந்துவிடும். எதிர்கேஸின் பயத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் தமிழில் குறைவு. அதற்கே அத்தாச்சிக்குப் பாதி மார்க்.

மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், கோர்ட் காட்சிகள். நிறைந்த சபையில் ஒரு பெண்ணிடம் நீ கன்னியா என்று கேட்கப்படுகிறது, கேட்பவர் அவள் பக்கத்து வக்கீலே. கேள்வியின் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற பெண்ணின் மனதில் நோக்கமா நிற்கும்? கோர்ட்டுக்குப் போனால் இப்படியெல்லாம் கேட்பார்கள் என்பதுதான் நிற்கும். பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் நடத்தையைக் காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்று இருந்த சாட்சியச் சட்டப் பிரிவு 2003-லேயே நீக்கப்பட்டுவிட்டது. வன்கொடுமை விசாரணை பூட்டிய அறையில்தான் நடக்க வேண்டும். குழந்தை சாட்சி என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவு, அதட்டிக் கேட்பதையும் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதையும் தடுக்கச் சொல்லி நீதிபதிக்கே கடமை வைத்திருக்கிறது. நடைமுறையில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. நான் அடித்த சாட்சியக் கட்டுகளில் 'நான் பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல', 'எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம் இருந்தது என்றால் சரியல்ல' என்று 'சரியல்ல' பக்கம் பக்கமாக வரும். கேள்விகள் தாளில் ஏறுவதில்லை. ஒரு பெண் எத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறாள் என்பதை வைத்துத்தான் உள்ளே என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பேன். ஆனாலும் கைதட்டுகிற கூட்டமும் கத்துகிற வக்கீலும் அங்கே கிடையாது.

இன்னொன்றும் படங்களில் இல்லை. வாய்தா. வாச்சாத்தி மலைக்கிராமத்துப் பெண்களுக்கு வனத்துறையினரும் போலீஸும் 1992 ஜூனில் செய்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023. பொள்ளாச்சி வழக்கு 2019-ல் வெடித்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் என்று கோவை மகளிர் நீதிமன்றம் சொன்னது 2025 மே 13-ம் தேதி. இடையில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசாணையிலேயே வெளியாகி, ரூ.25 லட்சம் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அதையும் தாண்டிப் பெண்கள் கூண்டேறிச் சொன்னார்கள். சாட்சி பல்டி அடிக்காமல் ஆறு வருஷம் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது கோர்ட் வாசலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சினிமாவில் அந்த ஆறு வருஷம் ஒரு சோகப் பாட்டு.

'சித்தா'வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023, சு.அருண்குமார் இயக்கம், பழனியில் நடக்கிற கதை. தவறான ஆள்மேல் சந்தேகம் விழுவதையும், குழந்தையிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் இவ்வளவு பக்குவமாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. சித்தப்பாவின் கோபத்தைக் காட்டினாலும் அதற்கு மாலை போடவில்லை. அங்கன்வாடி டீச்சர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்பாதியில் குழந்தையைத் தேடுகிற பதைப்பு, மடியில் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தாங்காது. அம்மாக்களுக்கு மட்டும் தனியாகப் போடலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

மிஞ்சியது 'கார்கி'. 2022, கௌதம் ராமச்சந்திரன் இயக்கம், சாய் பல்லவி. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருக்கிற அப்பாவை, ஒன்பது வயதுக் குழந்தையின் வழக்கில் கைது செய்கிறார்கள். ஸ்கூல் டீச்சரான மகள் அவரை வெளியே எடுக்க அலைகிறாள். கிடைப்பது திக்குவாய் வக்கீல், காளி வெங்கட். பாத்திரத்தின் பெயர் இந்திரன்ஸ் கலியபெருமாள். பெயரைக் கேட்டாலே கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருக்கும். அவரிடம் வசனம் கிடையாது, இருந்தாலும் முழுதாக வெளியே வராது. கேஸ் கட்டைப் புரட்டிப் புரட்டிப் படிக்கிறார். நான் பார்த்த நல்ல வக்கீல்கள் அந்த ஜாதிதான். நீதிபதி ஒரு திருநங்கை, அதைப் படம் மேளம் கொட்டாமல் சொல்கிறது. வாசலில் மைக்கோடு காத்துக் கிடக்கிற டிவிக்காரர்கள், திரும்பிக்கொள்கிற அக்கம்பக்கம், கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நிற்பது, எல்லாம் அப்படியே.

குற்றத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. கடைசியில் உண்மையைச் சொல்வது அந்தக் குழந்தை. அப்பாவைக் காப்பாற்றக் கிளம்பியவள், அவருக்கு எதிராகத் தானே நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துசேர்கிறாள். செய்தவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு முடிவில் ஏறும் என்று நினைத்தேன்.

ஒரு பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது, அத்தாச்சிதான் கண்டுபிடித்துச் சொன்னார். படம் முக்கால்வாசி நேரம் அப்பா நிரபராதி என்றே நம்மை நம்ப வைக்கிறது. "இன்ட்ரவல்ல மாடு கறக்க எந்திரிச்சிப் போறவ, பொய்க்கேஸுன்னு நெனச்சிக்கிட்டுல்ல போவா?" என்றார். உண்மைதான். பாதிப் படம் பார்த்தவருக்கு இது தலைகீழான படம். அதனால் இடைவேளை விடுவதில்லை, பால் கறந்துவிட்டு ஏழரைக்கு ஆரம்பிப்பது, முறுக்கும் டீயும் முதலிலேயே கொடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வருகிற பெண் போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது, வீட்டுக்கே வந்து வாங்கலாம், தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் போக்சோவில் குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்று நாலு வரி அடித்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

எழுபது பேர் வந்தார்கள். நாலைந்து ஆண்கள் வாசலோடு நின்று பார்த்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது யாரும் எதுவும் பேசவில்லை. கேள்வி நேரம் என்று அறிவித்தோம், ஒரு கேள்வியும் வரவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் காலையில் பஸ் பிடிக்க வயலோரமாகப் போனேன். உளுந்துச் செடி பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீலைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "ஏண்டி, அந்தாளோட அத்தன வருசம் குடும்பம் நடத்தினாளே, அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாமலா இருந்துருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரிஞ்சிருந்தா மட்டும் எங்க போயி சொல்றது?" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது பெண் நிமிர்ந்து, வரப்பில் நின்ற என்னைப் பார்த்து, "நேத்து ஒரு காயிதம் குடுத்தியளே அக்கா, அது இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.