இலை வண்ண அட்டை: யூரியாவை எப்போது நிறுத்தி வைக்கலாம் என்று சொல்லும் கருவி

நெல்லுக்கு மேலுரம், அதாவது நட்ட பிறகு தவணையாகத் தூவும் உரம், போடும் நாளை இன்றும் பல ஊர்களில் காலண்டர்தான் முடிவு செய்கிறது. நட்டு இத்தனையாம் நாள் ஒரு மூட்டை யூரியா, தூர் கட்டியதும் ஒரு மூட்டை, பொதி கட்டும்போது இன்னொன்று. பயிருக்கு அன்றைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவையா என்று பார்த்துவிட்டு மூட்டையைப் பிரிப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்க உதவுவதுதான் இலை வண்ண அட்டை. கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் துண்டு. மஞ்சள் கலந்த பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை போகும் சில பட்டைகள். நல்ல அட்டையில் பட்டை வழவழப்பாக இருக்காது. நெல் இலையின் நரம்பு போல மெல்லிய வரிகள் ஓடும். வெளிச்சம் இலையில் படுவது போலவே பட்டையிலும் பட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஜப்பானில் பிறந்த இந்த யோசனையை வெப்பமண்டல நெல்லுக்கு ஏற்ற வடிவில் 1990களில் பரப்பியது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். 6 பட்டை அட்டையில் எண்கள் 1 முதல் 6 வரை; பின்னால் வந்த 4 பட்டை அட்டையில் 2 முதல் 5 வரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் ரகங்களுக்கும் பருவங்களுக்கும் தனி வரையறை கொடுத்திருக்கிறது. இங்கே மதிப்பிடுவது அந்த வரையறையோடு சேர்த்துத்தான். வரையறை இல்லாமல் அட்டை மட்டும் கையில் இருந்தால் அது வெறும் வண்ணத் துண்டு.

பயன்படுத்தும் முறை இதுதான். நடவு வயலில் நட்ட 14ஆம் நாளும், நேரடி விதைப்பில் விதைத்த 21ஆம் நாளும் முதல் அளவீடு. அதன்பின் வாரம் ஒரு முறை, கதிர் வெளிவரும் வரை. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பார்க்க வேண்டும். வயலில் 10 இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஆரோக்கியமான ஒரு குத்தில், மேலிருந்து மூன்றாவதாக உள்ள முழுதாக விரிந்த இலையைத் தேர்ந்து, அதன் நடுப்பகுதியைப் பட்டையின் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, உடம்பின் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி பார்க்க வேண்டும். இரண்டு பட்டைக்கு நடுவே நிறம் இருந்தால் 3.5 என்பது போல அரை எண் எழுதிக்கொள்ளலாம்.

வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்து அதிகம் தாங்காத ரகங்களுக்கு எல்லை எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுகளுக்கும் 4. பத்தில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட அளவீடுகள் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம். குறுவை போன்ற வறண்ட பருவத்தில் ஒரு தடவைக்கு எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. மழைப் பருவமான சம்பா, தாளடியில் 30 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், ஏக்கர் கணக்கில் குறுவைக்கு ஏறத்தாழ 31 கிலோ யூரியா, சம்பாவுக்கு 26 கிலோ. மூட்டை இப்போது 45 கிலோ. ஆகவே ஏக்கருக்கு ஒரு மூட்டையை அப்படியே கவிழ்க்கும் பழக்கம் இங்கே பொருந்தாது. தராசு வேண்டும், இல்லாவிட்டால் எடை போட்டுக் குறித்து வைத்த ஒரு வாளியாவது வேண்டும்.

பத்து அளவீட்டையும் கூட்டிச் சராசரி பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எல்லை எண் 4 உள்ள ADT 43 ரக வயல் ஒன்றில் ஏழு இடத்தில் 4, மூன்று இடத்தில் 2 வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 3.4. 'எல்லைக்குக் கீழே, உரம் போடு' என்று சராசரி சொல்லும். எண்ணிக்கை முறையோ, கீழே இருப்பவை மூன்றே என்பதால் 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்லும். எண்ணிக்கைதான் சரி. அந்த மூன்று இடமும் ஒரே மூலையில் இருந்தால் அங்கே மண்ணோ, சமன்படுத்தியதோ, தண்ணீரோ வேறு. அந்த மூலைக்கு மட்டும் தனியாகக் கைபார்க்கலாம். முழு வயலுக்கும் 31 கிலோ இறைக்கத் தேவையில்லை. இதனால்தான் பத்து இடத்தையும் எழுதி வைப்பது முக்கியம். மனக்கணக்கில் நின்றால் மூலை தெரியாமல் போய்விடும்.

இந்த அட்டையின் தனிச்சிறப்பு அளவில் இல்லை. நடுத்தர, நீண்ட வயது ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, நான்கு சம பாகமாக. ஒரு பாகம் 37.5 கிலோ. அட்டை சொல்லும் ஒரு தடவை அளவோ 30, 35. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எத்தனை தடவை, எந்த நாள் என்பதில் இருக்கிறது. பசுந்தாள் மடக்கி உழுத வயலும், உளுந்து எடுத்த வயலும், மூன்று போகமும் நெல்லே கண்ட வயலும் ஒரே அளவு தழைச்சத்தை மண்ணிலிருந்து கொடுப்பதில்லை. காலண்டருக்கு இது தெரியாது. இலைக்குத் தெரியும். பசுந்தாள் போட்ட வயலில் முதல் இரண்டு மூன்று வாரம் எல்லைக்கு மேலேயே நிறம் நின்றால், அந்த ஒரு தடவை உரம் முழுதாக மிச்சம். அதே அட்டை, மண் வலுவில்லாத வயலில் பரிந்துரையைவிடக் கூடுதலாக ஒரு தடவை போடவும் சொல்லலாம். அப்போதும் அதைக் கேட்பதுதான் முறை. யூரியாவைக் குறைக்கும் கருவி என்று மட்டும் நினைத்து வாங்குபவர்கள் இந்த இடத்தில் குழம்பிவிடுகிறார்கள்.

மிச்சமாகும் யூரியாவின் மதிப்பு மூட்டை விலையில் தெரியாது. மானியம் போக 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு இரண்டு மூட்டை கூடப் போட்டாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா எடுத்துச் செய்யப்படுவது. இந்திய ஆலைகளுக்கான எரிசக்தி வரையறையிலேயே மிகக் குறைந்தது டன்னுக்கு 5.5 கிகா கலோரி. அந்தக் கணக்கில் ஒரு மூட்டைக்குள் இருப்பது சுமார் இரண்டரை லட்சம் கிலோ கலோரி. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றரைக்கும் மேல் எரித்தால் வரும் வெப்பம் அது. வயலில் இறைத்த யூரியாவில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதமே. மீதியில் பெரும்பங்கு எங்கே போகிறது என்பதில்தான் சுற்றுச்சூழலும் உடல்நலமும் வருகின்றன.

நின்ற தண்ணீரில் யூரியா விழுந்ததும் அது அம்மோனியமாக மாறுகிறது. பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. உச்சி வெயிலில் அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடுகிறது. வயல் காய்ந்து மீண்டும் நனையும்போது நைட்ரேட் உருவாகி, அது சிதைந்து, ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும் வாயு அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த முறை மீத்தேனைக் குறைக்கிறது, தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் மண்ணில் தழைச்சத்து தேங்கிக் கிடந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யும் வயலுக்கு இந்த அட்டை கட்டாயம் வேண்டும் என்பது அதனால்தான். மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் சேரும் அபாயமும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர எல்லை. அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். களிமண் பாங்கான டெல்டா வயல்களில் இப்படி இறங்குவது குறைவு.

டெல்டாவில் உடல்நலக் கேடு வேறு வழியில் வருகிறது: மருந்தடிப்பு. யூரியா மிஞ்சிய பயிர் கருகருவென்று, இலை மென்மையாக, தூர் நெருக்கமாக வளரும். புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் அதுதான் பிடித்த இடம். ஒரு தடவை யூரியாவைத் தவிர்த்தால் ஒரு தடவை மருந்தடிப்பும் குறையும் வாய்ப்பு உண்டு. முதுகில் டேங்க் கட்டி நடப்பவரின் நுரையீரலுக்கு அது நேரடி லாபம். வெள்ளைப் பொன்னி போல உயரமாக வளரும் ரகம், யூரியா மிஞ்சினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். எல்லை எண் 3 என்று குறைத்து வைத்திருப்பதன் காரணம் அதுதான். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்க, நம் வயல் கொஞ்சம் வெளிர்ந்து நிற்பதைப் பார்த்துப் பொறுத்திருப்பது எளிதல்ல. வெள்ளைப் பொன்னிக்கு அந்த வெளிர் நிறம்தான் சரியான நிறம்.

இனி அட்டையின் குறைகள். முதலாவது, மிகப் பெரியது: அட்டை நிறத்தை மட்டுமே பார்க்கிறது, காரணத்தைப் பார்ப்பதில்லை. கந்தகக் குறையால் வெளுத்த பயிரும் அதற்கு 3தான். தழைச்சத்துக் குறை என்றால் மஞ்சள் அடி இலையிலிருந்து மேலே ஏறும். கந்தகக் குறையில் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். துத்தநாகக் குறையில் நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள் வந்து பயிர் குட்டையாக நின்றுவிடும். அங்கே யூரியாவை மட்டும் கொட்டிப் பயனில்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கலந்து இலைவழியாகத் தெளித்து, நிறம் தேறிய பிறகு அட்டையை எடுக்க வேண்டும். துங்ரோ என்ற வைரஸ் நோய் வந்த பயிரும் மஞ்சள்தான். அதை அளக்கவே கூடாது. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த பயிர் குட்டையாக, தூர் இல்லாமல், ஆனால் கரும்பச்சையாக நிற்கும். அட்டை '4க்கு மேல், நலம்' என்று சொல்லிவிடும். ஆகவே மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) மண் பரிசோதனைப்படி போட்டுவிட்ட வயலில்தான் இந்த அட்டையின் பேச்சை நம்பலாம்.

இரண்டாவது, எந்த இலை என்ற குழப்பம். சர்வதேச நெல் நிலையத்தின் கையேடுகள் முழுதாக விரிந்தவற்றில் இளைய இலையைப் பார்க்கச் சொல்கின்றன. நம் பல்கலைக்கழகம் மேலிருந்து மூன்றாவதைச் சொல்கிறது. 3, 4 என்ற எல்லை எண்கள் மூன்றாவது இலைக்காகச் சொல்லப்பட்டவை. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாற்றினால் எண்கள் அரை அளவு ஏறி இறங்கும். பார்க்கும் ஆளும் மாறக் கூடாது. 3.5க்கும் 4க்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பேர் கண் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சிவப்பு, பச்சை நிறக் குறைபாடு உள்ளவர்கள் வேறொருவரைப் பார்க்கச் சொல்வதுதான் நல்லது.

மூன்றாவது, போலி நகல்கள். அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பிளாஸ்டிக் உறை போடுவதும் எந்தப் பயனும் தராது. ஒவ்வொரு செல்போன் திரையும் பச்சையை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஜெராக்ஸ் மை சில மாதத்தில் வெளுக்கும். அட்டை வெளுத்தால் நம் எண் கூடிக்கொண்டே போகும். பசியில் இருக்கும் பயிரை நிறைவாக இருப்பதாகச் சொல்லும்.

குளோரோபில் அளக்கும் ஸ்பேட் மீட்டரோடு ஒப்பிட்டால், 650, 940 நானோமீட்டர் ஒளியை இலை வழியே செலுத்தி எண் காட்டும் அந்தக் கருவி துல்லியத்தில் மேல். ஆராய்ச்சிப் பண்ணைக்கு அதுதான் வேண்டும். ஒரு விவசாயிக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. உரம் போடுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு அத்தனை துல்லியம் தேவையுமில்லை.

அட்டை 'போடு' என்று சொன்ன நாளில் செய்ய வேண்டியதையும் சரியாகச் செய்தால்தான் பலன். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, தண்ணீரை வடித்து, இலையில் பனி ஈரம் இல்லாத மாலை வேளையில் தூவி, ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் கட்ட வேண்டும். மறுநாள் கனமழை என்று அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடலாம். நான்கைந்து நாள் தாமதம் பயிரைக் கெடுத்துவிடாது, மழையில் அடித்துச் செல்லப்பட்ட யூரியா திரும்ப வராது. கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா இருப்பு வரும் நாளும் அட்டை கேட்கும் நாளும் ஒத்துப்போகாது என்பது உண்மையான சிக்கல். இரண்டு தடவைக்கான யூரியாவை ஈரம் படாமல், பலகை மேல் அடுக்கி முன்கூட்டியே வைத்திருப்பதே இதற்கு வழி.

யாருக்கு ஏற்றது? வாரம் ஒரு காலை அரை மணி நேரம் வயலில் இறங்கக்கூடிய எவருக்கும். 110 நாள் ரகத்துக்கு ஆறு முறை பார்த்தால் போதும். CR 1009 போன்ற நீண்ட வயது ரகத்துக்குப் பத்து முறைக்கு மேல் ஆகும். நான்கைந்து இடத்தில் துண்டு துண்டாக நிலம் உள்ளவர்கள் ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே அளவீடு செல்லாது.

வாங்கும்போது தடித்த பிளாஸ்டிக்கா, பட்டையில் வரி இருக்கிறதா, பின்பக்கம் தமிழில் எல்லை எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாக வாங்குங்கள். ஒன்று வயலுக்கு, மற்றொன்று உறையில், பீரோவுக்குள். ஒவ்வொரு பட்டம் தொடங்கும் முன்பும் இரண்டையும் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வயலுக்குப் போகும் அட்டை கொஞ்சம் வெளுத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிராக்டர் டேஷ்போர்டில் வெயிலில் விட்ட அட்டையை அடுத்த பட்டத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.