கிரப்புக்குப் பதில் ரீஃபைண்ட்: பூட் மெனுவை அழகாக்க எது தோது?

உபுண்டுவும் விண்டோஸும் ஒரே கணினியில் இருந்தால், ஆன் செய்ததும் கண்ணில் படுவது, எதைத் துவக்கலாம் என்று கேட்கும் கிரப் என்ற நிரலின் எழுத்துப் பட்டியல்தான். அதையும் அழகாக்கலாம், ஆனால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். புதுத் தீம் வைத்தாலோ காத்திருக்கும் நேரத்தை மாற்றினாலோ அப்டேட்-கிரப் என்ற கட்டளையை ஓட்டியாக வேண்டும். எழுத்துருவை கிரப்புக்கே உரிய பிஎஃப்2 வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். தீம் கோப்பில் எழுதும் பெயர் அந்த எழுத்துருக் கோப்பின் பெயராக இருந்தால் போதாது. கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயரோடு அளவு உட்பட அட்சரம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பலருடைய தீம் 'வேலை செய்யவில்லை' என்பதற்குக் காரணம் இந்த ஒரு வரிதான்.

ரீஃபைண்டில் இந்தத் தலைவலி கிடையாது. ரீஃபிட் என்ற பழைய நிரலிலிருந்து கிளை பிரித்து ராட்ரிக் ஸ்மித் 2012இல் வெளியிட்ட இலவச பூட் மேனேஜர் இது. அமைப்புகளை எழுதி வைக்கும் ஒரு கன்ஃபிக் கோப்பு, சில படங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அந்தக் கோப்பை நேரடியாகப் படித்துக்கொள்கிறது. திருத்திச் சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் மாற்றம் தெரியும். தோற்றம்தான் முக்கியம் என்பவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் நிறுவப்பட்ட கணினிகளுக்கே இது பொருத்தம். பழைய பயாஸ் முறை என்றால் கிரப்போடு இருந்துவிடுங்கள். உபுண்டு, டெபியனில் ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை வழியாகவே கிடைக்கிறது. நிறுவும்போது, துவக்க நிரல்கள் இருக்கும் வட்டுப் பகுதியான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தானே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கும், சரி என்றால் போதும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே துவக்க விடும் செக்யூர் பூட் இயங்கினால் சாவிப் பதிவு வேலை கூடுதலாக வரும். விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பூட் வரிசை மாறியதைக் கண்டு பிட்லாக்கர் அதைக் கேட்கலாம்.

இனித் தோற்றம். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ரீஃபைண்ட் கோப்புறைக்குள் 'தீம்ஸ்' என்று ஒரு கோப்புறை உருவாக்கி, இறக்கிய தீமை அதில் போடுங்கள். பிறகு கன்ஃபிக் கோப்பின் கடைசி வரியாக 'இன்க்ளூட்' எழுதி, தீமின் கன்ஃபிக் இருக்கும் பாதையைக் கொடுங்கள். கடைசியில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் வருவதே செல்லும். தீமைக் கிட் (git) கட்டளை வழியாக இறக்கியிருந்தால் அதோடு வரும் '.git' மறைகோப்புறையை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் உருவாக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான். அதை நிரப்பி வைத்தால் அடுத்த அப்டேட்டில் வம்பு.

பின்னணிப் படத்துக்கு 'பேனர்'. பிஎன்ஜி போதும். படம் திரையைவிடச் சிறியதாக இருந்தால், அதன் இடது மேல் மூலையில் உள்ள முதல் பிக்சலின் நிறத்தை எடுத்து மீதித் திரை முழுவதும் பூசிவிடும். மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி தவறி விழுந்திருந்தால் கறுப்புத் தீம் வெள்ளையாகிப் பல்லிளிக்கும். முழுத்திரைக்கு நீட்ட, பேனர் ஸ்கேலை 'ஃபில்ஸ்கிரீன்' என்று வையுங்கள். திரை விகிதத்திலேயே படம் வெட்டியிருந்தால்தான் உருக்குலையாது.

'ரெசல்யூஷன்' வரியில் 1920 1080 என்று கொடுக்கலாம். உங்கள் ஃபர்ம்வேர் (கணினியின் உள்ளமைந்த துவக்க மென்பொருள்) அதை ஏற்காவிட்டால் எந்தெந்த அளவுகள் கிடைக்கும் என்று திரையிலேயே பட்டியல் காட்டும். அதனால் வேண்டுமென்றே தப்பான அளவைக் கொடுத்து அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்வது நல்ல குறுக்குவழி.

பெரிய ஐகானின் இயல்பளவு 128 பிக்சல், கீழ்வரிசைச் சின்ன ஐகான் 48. தேர்வைக் காட்டும் படங்கள் 144, 64. 4கே திரையில் ஐகான்களை 256, 96 என்று இரட்டிப்பாக்கினால் கண்ணுக்கு இதம். உங்கள் சொந்த ஐகான்களை ரீஃபைண்டோடு வரும் 'ஐகான்ஸ்' கோப்புறையில் போடாதீர்கள். மேம்படுத்தும்போது அந்தக் கோப்புறை பேக்கப் பெயருக்கு மாறி, புதியது வந்து உட்காரும். தனிக் கோப்புறை வைத்து அதன் பாதையைக் கன்ஃபிக்கில் சொல்லிவிடுங்கள்.

டைம்அவுட்டில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 0 என்றால் உடனே பூட் ஆகும் என்று நினைப்பு. உண்மையில் 0 என்றால் நீங்கள் எதையாவது அழுத்தும்வரை காத்தே இருக்கும். உடனே போக வேண்டுமானால் -1. இயல்பாக 20 நொடி, அது அதிகம். 5 வையுங்கள்.

உபுண்டு ஒன்றுதான் என்றாலும் மெனுவில் அதன் பெயரில் மூன்று நான்கு ஐகான்கள் வரிசை கட்டலாம். கிரப், செக்யூர் பூட்டுக்கான ஷிம், லினக்ஸின் மையமான கெர்னல் என்று கண்டதையெல்லாம் தனித்தனியாகக் காட்டும் பழக்கம் இதற்கு. வேண்டாததன் மேல் நின்று டெலீட் விசையை அழுத்தினால் மறையும். கெர்னலை நேரடியாகத் துவக்கிப் பார்த்து, ஒழுங்காக வருகிறது என்று உறுதியான பிறகே கிரப் ஐகானை மறையுங்கள்.

குறை என்று பார்த்தால் முன்னோட்டம் இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரீஸ்டார்ட் செய்துதான் பார்க்க வேண்டும். மெனுவில் எஃப்10 அழுத்தினால் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) பிஎம்பி கோப்பாக இஎஃப்ஐ பார்ட்டிஷனில் சேமிக்கப்படும் என்பது ஓரளவு ஆறுதல். சில லேப்டாப்புகளில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசையில் விண்டோஸ் மீண்டும் முதலிடம் பிடித்துவிடும். ஃபர்ம்வேர் அமைப்பிலோ, லினக்ஸில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையிலோ வரிசையைத் திருப்பி வைக்கலாம்.

பெரிய குறை எழுத்தில்தான். இதன் எழுத்துரு என்பது ஒரே பிஎன்ஜி படத்தில் சம அகலத்தில் அடுக்கிய 96 கட்டங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் போக, தெரியாத எழுத்து எதுவானாலும் அதற்கு ஒரே ஒரு கட்டம். தமிழில் பெயர் வைத்தால் அந்தக் கட்டம்தான் வரிசையாக வரும். கிரப்பில் தமிழ் எழுத்துருவை ஏற்றலாம் என்றாலும், அது எழுத்துகளை இடம்மாற்றி அமைக்காததால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். படிக்கச் சகிக்காது.

ரீஃபைண்டில் இதற்கு மாற்றுவழி இருக்கிறது. 256 பிக்சல் சதுரத்தில் ஒளிபுகும் பின்னணியோடு 'விண்டோஸ்', 'உபுண்டு' என்று தமிழிலேயே எழுதிப் படமாகச் சேமித்து, உரிய ஐகான் பெயரைக் கொடுங்கள். பெரிய ஐகான் அளவையும் 256 ஆக்குங்கள். 'ஹைட்யூஐ' வரியில் 'லேபிள்' சேர்த்தால் கீழே வரும் ஆங்கிலப் பெயர் மறையும். கூடவே நொடி எண்ணிக்கையும் மறைந்துவிடும் என்பதால் டைம்அவுட்டை 10ஆக உயர்த்தி வைப்பது நல்லது.