தின்பண்டமா, டீயா, தண்ணீரா? மெஷின் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பணம் கட்டினால் பொருளைத் தானே எடுத்துத் தரும் வெண்டிங் மெஷினைக் காட்டி, "மெஷினுக்கு மட்டும் பணம் கட்டுங்க, இடத்தை நாங்களே பிடிச்சுத் தர்றோம், மாசாமாசம் வருமானம் நிச்சயம்" என்று யாராவது பேசினால், பெருந்துறை ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். குஞ்சும் தீவனமும் கொடுத்து மாதப் பணமும் தருவதாகச் சொன்ன அந்தத் திட்டங்கள் 2012-ல் கவிழ்ந்தபோது, கொங்குப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. வெண்டிங் மெஷின் தொழிலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்யக்கூடிய சில்லறை வியாபாரம்தான். வகைக்கு வகை கணக்கு மாறும், அவ்வளவுதான்.

கண்ணாடி போட்ட தின்பண்ட மெஷின்தான் பார்க்க அழகு. என் சந்தேகமும் அதன்மேல்தான் அதிகம். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் நம் நாட்டில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆக, சிப்ஸிலும் பிஸ்கட்டிலும் மளிகைக் கடைக்காரருக்கு நிற்கும் கமிஷன்தான் உங்களுக்கும். இடத்துக்காரர் பங்கு, கரண்ட் பில், தேதி முடிந்த சரக்கு, பாக்கெட்டை முன்னே தள்ளும் கம்பிச் சுருளில் சிக்கிய பாக்கெட்டுக்குத் திருப்பித் தரும் காசு எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். குளிர்பானமும் வைத்தால், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கம்ப்ரசர் ஓடும். எதிரிலேயே பேக்கரி இருக்கும். அதே விலைக்கு அதே பாக்கெட், கூடவே சூடான பப்ஸும் டீயும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆள் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். பொருளைத் தேர்ந்தெடுத்து, கியூஆர் ஸ்கேன் செய்து, பணம் போய், சுருள் சுற்றிப் பாக்கெட் விழ எப்படியும் அரை நிமிடம் ஆகும். பதினைந்து நிமிட இடைவேளையில் முப்பது பேர்தான் வாங்க முடியும். உள்ளே இருநூறு பேர் வேலை செய்தாலும் அதே முப்பதுதான். வரிசையைப் பார்த்ததும் மற்றவர்கள் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த மெஷினுக்கு ஏற்ற இடம், கூட்டம் விட்டுவிட்டு வரும் இடம், அதிலும் ராத்திரியில் கடை இல்லாத இடம்: ஆஸ்பத்திரி வராந்தா, கல்லூரி விடுதி, நைட் ஷிப்ட் ஓடும் மில்.

டீ மெஷினில் எம்.ஆர்.பி. தொல்லை கிடையாது, கப் விலையை நீங்களே பேசிக்கொள்ளலாம். ஒரு கப்புக்கு 14 கிராம் பிரீமிக்ஸ் (டீ, பால் பவுடர், சர்க்கரை கலந்த பொடி) என்றால் ஒரு கிலோவுக்கு எழுபது கப் வரும். ஆனால் உழைப்பு உண்டு. பவுடரும் நீராவியும் சேரும் இடத்தில் பசை மாதிரி கட்டிக்கொள்ளும். தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் மறுநாள் டீயில் புளிச்ச வாடை அடிக்கும். உப்புத் தண்ணியை ஊற்றினால் ஹீட்டரில் உப்புப் படியும். கறந்த பாலில் டீ குடித்துப் பழகிய நம்மவர்கள், கேனில் டீ கொண்டுவரும் அண்ணனை விட்டுவிட்டு இதற்கு மாற மாட்டார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும் ஆபீஸ், கார் ஷோரூம் மாதிரி இடங்களில், நிர்வாகமே மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தால் கட்டுப்படியாகும்.

காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் மெஷினுக்கு ஊர்தான் எல்லாம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைத் தெருவில் அது எடுபடாது. போர் தண்ணி உப்பாக இருக்கும் திருப்பூர், பல்லடம் பக்கம் தேவை இருக்கிறது. ஆனால் உப்பு கூடக் கூட, அதை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் போகும், கழிவுத் தண்ணீரும் அதிகம் வரும். அதை எங்கே விடுவது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைதான்.

என்னைக் கேட்டால், டீ மெஷினை வாடகைக்கு எடுத்து, தெரிந்த ஒரு ஆபீஸில் வைத்துத் தொடங்குவேன். போட்ட முதல் குறைவு, சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தின்பண்ட மெஷின்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்து, யார் எப்போது எதற்காக வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். விற்க வருபவரிடம், ஏற்கெனவே ஓடும் ஒரு மெஷினின் மூன்று மாத யு.பி.ஐ. வரவைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்த மெஷினானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் என்ன பதிவு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில் யார் தலையில், மெஷினை எடுக்கச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையும் இடத்துக்காரரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.